லினக்ஸ் சிஸ்டம் அடைவுகளைத் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் வைக்கலாமா? ஒரு முழுமையான வழிகாட்டி

டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை நிறுவும்போது, வட்டைப் பிரிக்கும் கட்டத்தில் மூன்று ஏற்பாடுகள் நம் முன் வைக்கப்படுகின்றன. எல்லாக் கோப்புகளையும் ஒரே பார்ட்டிஷனில் வைப்பது முதலாவது. பயனர்களின் கோப்புகள் இருக்கும் /ஹோம் அடைவை மட்டும் பிரிப்பது இரண்டாவது. /ஹோம், பதிவுகளும் சேவைகளின் தரவும் இருக்கும் /வார், தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் ஆகிய மூன்றையும் பிரிப்பது மூன்றாவது. முதல் ஏற்பாட்டின் அருகே அது புதியவர்களுக்கு ஏற்றது என்ற குறிப்பு இருப்பதால், ஓரளவு பழகியவர்கள் கௌரவம் கருதியே மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிடுவதும், சில மாதங்களுக்குப் பின் ஒரு பார்ட்டிஷன் நிரம்பி வழிய அடுத்தது காலியாகக் கிடப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிவதும் வழக்கமாக நடக்கிறது.

எதைப் பிரிப்பது என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். இந்த அடைவில் உள்ள தரவு நம்மைக் கேட்காமல் வளருமா? அது வளர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டால் அதனோடு சேர்ந்து வேறு எது நின்றுபோகும்? இரண்டுக்கும் கவலைக்குரிய பதில் வருகிற அடைவை மட்டும் பிரித்துவிட்டு மற்றவற்றை ஒன்றாகவே விட்டுவிடலாம் என்பதுதான் இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. அடைவுப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றின் வழக்கமான எழுத்துகளிலேயே தட்ட வேண்டும்.

வழக்கம் வந்த வழி

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை பிடிபி-11 கணினியில் ஓட்டியபோது, ஒரு வட்டின் கொள்ளளவு சில மெகாபைட்டுகள் மட்டுமே. சிஸ்டம் வளர்ந்து முதல் வட்டில் இடம் போதாமல் போனதும், பயனர்களின் கோப்புகள் இருந்த இரண்டாம் வட்டில், அதாவது /யூஎஸ்ஆர் என்ற இடத்தில், மிச்சத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். /பின், /லிப் போன்ற பெயர்கள் இரண்டு இடங்களிலும் இருப்பதற்குக் காரணம் இந்த இட நெருக்கடிதான். கணினி தொடங்குவதற்கு வேண்டிய கருவிகள் எல்லாவற்றுக்கும் மேலான வேர் அடைவில் (/) இருக்க வேண்டும், மற்றவை /யூஎஸ்ஆரில் இருக்கலாம் என்ற விளக்கம் பிற்பாடு எழுந்தது. 1994-இல் வெளிவந்த லினக்ஸ் கோப்பு முறைமைத் தர வரைவும், அதன் வழிவந்த எஃப்எச்எஸ் தரமும் அந்த விளக்கத்தை விதியாகவே ஏற்றுக்கொண்டன.

இன்று நிலைமை வேறு. ஃபெடோரா 2012-இல் தன் 17-ஆம் பதிப்பில் /பின், /எஸ்பின், /லிப் ஆகியவற்றை /யூஎஸ்ஆருக்குள் இணைத்துவிட்டது. டெபியன் 12 இணைக்கப்பட்ட அமைப்பை மட்டுமே ஆதரிக்கிறது. ஆகவே பழைய நூல்களில் காணப்படும் "/யூஎஸ்ஆரைத் தனியாக வையுங்கள்" என்ற அறிவுரையை இப்போது பின்பற்றத் தேவையில்லை. பிரித்தாலும், லினக்ஸின் மையமான கெர்னலோடு ஏற்றப்படும் தற்காலிகத் தொடக்க அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் அதை முன்கூட்டியே மவுண்ட் செய்தால்தான் (அடைவு மரத்தில் அதன் இடத்தில் இணைத்தால்தான்) கணினி ஒழுங்காகத் தொடங்கும். கிடைக்கும் பயனோ ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பிரிக்கவே கூடாதவை

/ஈடிசி வேர்ப் பார்ட்டிஷனில்தான் இருக்க வேண்டும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பே அதற்குள்தான் இருக்கிறது; பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது அதைப் பிரிப்பது. /பின், /எஸ்பின், /லிப் ஆகியவை இன்று வேறோர் இடத்தைச் சுட்டும் வெறும் சிம்லிங்குகளாகிவிட்டதால் அவற்றைப் பற்றிய பேச்சே இல்லை. /ப்ராக், /சிஸ், /டெவ், /ரன் ஆகியவற்றைக் கெர்னலும், சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியும் நினைவகத்தில் உருவாக்குகின்றன. அவற்றுக்கு வட்டில் இடமே தேவையில்லை. நிர்வாகியின் சொந்த அடைவான /ரூட், மற்றவை எதுவும் மவுண்ட் ஆகாத நெருக்கடியிலும் கைக்கு எட்ட வேண்டியது என்பதால் வேரோடு இருப்பதே நல்லது.

பிரிப்பதால் கிடைப்பது என்ன

முதல் பயன், நிரம்புதலுக்கு ஒரு தடுப்புச் சுவர். ஒரு சேவை பிழைச் செய்தியை நொடிக்கு ஆயிரம் முறை பதிவுக் கோப்பில் எழுதத் தொடங்கினால், ஒரே பார்ட்டிஷன் உள்ள சர்வரில் வட்டு முழுவதும் சில மணி நேரத்தில் அடைபட்டுவிடும். அதன்பின் தரவுத்தளம் எழுத முடியாமல் நிற்கும். பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி கருவி வேலையைப் பாதியில் விடும். கவனமின்றி எழுதப்பட்ட நிரல்கள் தம் அமைப்புக் கோப்பைத் திருத்தப்போய் அதைப் பூஜ்ய அளவாக்கிவிடுவதும் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மாற்றங்களை முன்கூட்டியே பதியும் தன் கோப்புகளை எழுத இடமில்லாதபோது அவசரமாக மூடிக்கொள்ளும். /வார்/லாக் தனியாக இருந்திருந்தால், பதிவுகள் மட்டும் நின்றுபோயிருக்கும், மற்றவை ஓடியிருக்கும்.

எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தன் இடத்தில் 5 விழுக்காட்டை இயல்பாகவே ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது என்பதால், சாதாரணப் பயனர் ஒருவர் வட்டை நிரப்பினாலும் நிர்வாகி உள்நுழைந்து சுத்தம் செய்ய முடியும். ஆனால் ரூட் உரிமையோடு ஓடும் சேவைகள் அந்த ஒதுக்கீட்டையும் தின்றுவிடும். 1 டிபி வட்டில் இந்த 5 விழுக்காடு 50 ஜிபி ஆகிறது. தரவு மட்டுமே இருக்கும் பார்ட்டிஷனில் அதை டியூன்2எஃப்எஸ் கொண்டு 1 விழுக்காடாகக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

இரண்டாம் பயனைப் பலர் பட்டபின்தான் அறிகிறார்கள். எக்ஸ்ட்4-இல் ஐநோடுகளின், அதாவது ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைக்கும் பதிவுகளின், எண்ணிக்கை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. இயல்பாக 16 கேபி இடத்துக்கு ஓர் ஐநோடு. மின்னஞ்சல் வரிசைகள், இணையச் செயலிகளின் அமர்வுக் கோப்புகள், டாக்கர் படிமங்களின் அடுக்குகள் போன்றவை லட்சக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கி ஐநோடுகளைத் தீர்த்துவிடும். அப்போது டிஎஃப் கட்டளை பாதி இடம் காலி என்று காட்ட, கணினியோ இடமில்லை என்று மறுக்கும். அத்தகைய அடைவைத் தனியே வைத்தால் அதற்கு மட்டும் ஐநோடு அடர்த்தியைக் கூட்டி வடிவமைக்கலாம், அல்லது ஐநோடுகளைத் தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, மவுண்ட் தெரிவுகள். நோஎஸ்யூஐடி என்ற தெரிவு அந்தப் பார்ட்டிஷனில் உள்ள கோப்புகளின் உரிமை உயர்த்தும் குறியை, அதாவது யார் இயக்கினாலும் நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவைக்கும் குறியை, செல்லாததாக்கும். நோடெவ் சாதனக் கோப்புகளைப் புறக்கணிக்கும். நோஎக்ஸெக் அங்கிருந்து நிரல்களை நேரடியாக இயக்க விடாது. சிஐஎஸ் (இணையப் பாதுகாப்பு மையம்) வெளியிடும் பாதுகாப்பு வரையறைகள் /டெம்ப், /வார், /வார்/டெம்ப், /வார்/லாக், /வார்/லாக்/ஆடிட், /ஹோம் ஆகியவற்றைத் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனத்தில் பணியாற்றுபவருக்கு இங்கே விவாதத்துக்கு இடமில்லை, பட்டியலில் உள்ளபடி பிரித்துவிட வேண்டியதுதான்.

மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நோஎஸ்யூஐடி, நோடெவ் இரண்டையும் /ஹோமிலும் /டெம்பிலும் போடுவதால் அன்றாட வேலை எதுவும் கெடாது. நோஎக்ஸெக் அப்படியல்ல. /ஹோமில் அதைப் போட்டால் பைத்தான் மெய்நிகர்ச் சூழல்களும் தாமே தொகுத்த நிரல்களும் இயங்காது. டெபியன் குடும்பத்தில் /டெம்பில் போட்டால் பேக்கேஜ்களின் முன்னமைப்பு நிரல்கள் சில வேளை தடுமாறும். அந்தத் தடையையும் ஒரு ஸ்கிரிப்டை அதை இயக்கும் நிரலுக்கு (இன்டர்பிரெட்டருக்கு) உள்ளீடாகக் கொடுத்துவிட்டால் எளிதில் கடந்துவிடலாம். அதனால் நோஎக்ஸெக்கை வேலி என்று எண்ணலாமே தவிர, மதில் என்று எண்ணக் கூடாது.

ஒரு காலத்தில் இன்னொரு பாதுகாப்புக் காரணமும் சொல்லப்பட்டது. உரிமை உயர்த்தும் குறி கொண்ட நிரலுக்கு ஒரு பயனர் தன் அடைவில் ஹார்ட்லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டு வைத்துக்கொண்டால், அந்த நிரலின் ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டாலும் பழைய பிரதி அவரிடம் தங்கிவிடும். ஹார்ட்லிங்க் ஒரு கோப்பு முறைமையைத் தாண்டாது என்பதால் தனிப் பார்ட்டிஷன் அதைத் தடுத்தது. 2012-இல் வந்த 3.6 கெர்னலிலேயே இதற்கான நேரடித் தடுப்பு சேர்ந்துவிட்டது. இன்று அதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே வட்டில் எத்தனை பார்ட்டிஷன் போட்டாலும் வட்டு பழுதானால் எல்லாம் சேர்ந்தே போகும். எஸ்எஸ்டியில் தேய்மானப் பங்கீடு பார்ட்டிஷன் எல்லைகளைப் பார்ப்பதில்லை. வட்டு முழுவதிலும் நடக்கிறது. வேகமும் கூடாது, சுழலும் வட்டில் இரு பார்ட்டிஷன்களுக்கு இடையே முனை ஓடி ஓடி வேகம் சற்றுக் குறையக்கூட வாய்ப்புண்டு. வேகத்துக்காகப் பிரிப்பதென்றால் தனி வட்டு வேண்டும்.

கொடுக்கும் விலை

சென்ட்ஓஎஸ் 7-இன் தானியங்கிப் பிரிப்பு இதற்குத் தெளிவான பாடம். பெரிய வட்டாக இருந்தால் அது வேருக்கு 50 ஜிபி வரை கொடுத்துவிட்டு, மீதியை அப்படியே /ஹோமுக்கு அளித்துவிடும். சர்வரிலோ /ஹோமில் ஒன்றும் இருக்காது. தரவுத்தளம், பதிவுகள், டாக்கர் படிமங்கள் எல்லாம் /வாரில், அதாவது அந்த 50 ஜிபிக்குள் வளரும். வேர் நிரம்பியதும் /ஹோமைச் சுருக்கி இடம் எடுக்கலாம் என்று பார்த்தால், இரண்டுமே எக்ஸ்எஃப்எஸ்; எக்ஸ்எஃப்எஸ்ஸை வளர்க்கலாம், சுருக்க முடியாது. /ஹோமைக் காப்புநகல் எடுத்து, அழித்து, சிறிதாக மறுபடி உருவாக்குவதுதான் வழியாக இருந்தது. தவறான இடத்தில் எழுப்பிய சுவர், சுவரே இல்லாததைவிடக் கூடுதல் தொல்லை என்பதை நிர்வாகிகள் பலர் இப்படித்தான் கற்றார்கள்.

இன்னொரு விலை சற்று மறைவானது. பேக்கேஜ் தரவுத்தளம் டெபியனில் /வார்/லிப்/டிபிகேஜி அடைவில் இருக்கிறது. /வாரைத் தனியாக வைத்து, வேரை மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பொரு கணத்தில் பிடித்துவைத்த நிலைக்கு) திருப்பினால், வட்டில் இருக்கும் நிரல்கள் ஒரு பதிப்பாகவும் தரவுத்தளம் சொல்லும் கணக்கு வேறொரு பதிப்பாகவும் ஆகிவிடும். ஓபன்சூசேயும் ஃபெடோராவும் தம் ஆர்பிஎம் தரவுத்தளத்தை /வாரிலிருந்து /யூஎஸ்ஆருக்குள் மாற்றிக்கொண்டதற்கு இச்சிக்கலே காரணம். டெபியனில் அந்த மாற்றம் இல்லை. ஆகவே முழு /வாரைப் பிரிப்பதைவிட, அதற்குள் வளரும் அடைவுகளான /வார்/லாக், /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல், /வார்/லிப்/டாக்கர் போன்றவற்றை மட்டும் பிரிப்பதே மேலானது என்பது என் தீர்ப்பு. சர்வர் பராமரிப்பில் இந்த ஒரு மாற்றமே பாதிப் பயனைத் தந்துவிடுகிறது.

அடைவு அடைவாக

/ஹோமைப் பற்றி நீண்ட காலமாகச் சொல்லப்படுவது, சிஸ்டத்தை மறுபடி நிறுவினாலும் சொந்தக் கோப்புகள் தப்பும் என்பது. அது உண்மைதான், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு. புதிய நிறுவலில் பயனர் எண் பழையதோடு பொருந்த வேண்டும். முதல் பயனருக்குப் பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் வகைகள்) 1000 என்ற எண்ணையே கொடுப்பதால் தனியாள் கணினியில் இது தானாகவே அமையும், பல பயனர்கள் உள்ள கணினியில் உருவாக்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகள் பழைய டெஸ்க்டாப்புக்கு உரியவை என்பதால், வேறு டிஸ்ட்ரோவுக்கு மாறும்போது விசித்திரமான கோளாறுகள் அவற்றிலிருந்து முளைக்கும். இரண்டு டிஸ்ட்ரோக்கள் ஒரே /ஹோமைப் பகிர்ந்துகொள்வது, என் பார்வையில், ஒருபோதும் நன்றாக முடிவதில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் ஒரே வேர்ப் பார்ட்டிஷனும் ஒழுங்கான காப்புநகலும் போதும்.

/டெம்புக்கு இப்போது வட்டுப் பிரிவே தேவையில்லை. ஃபெடோரா 18-ஆம் பதிப்பிலிருந்தும் டெபியன் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்தும் அதை டெம்ப்எஃப்எஸ்ஸாக, அதாவது நினைவகத்திலேயே வைக்கின்றன. டெபியன் 13-இல் அது ரேமின் பாதி வரை வளரலாம். பெரிய ஐஎஸ்ஓ கோப்புகளையும் காணொளிகளையும் அங்கே விரிப்பவர்கள் /வார்/டெம்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ரேம் 2 ஜிபி மட்டுமே உள்ள சிறிய சர்வரில் டெம்ப்எஃப்எஸ்ஸின் அளவுக்கு ஒரு வரம்பு எழுதிவிடுவது நல்லது.

கெர்னல் இருக்கும் /பூட்டைப் பிரிக்க வேண்டிய தேவை வட்டைக் குறியாக்கம் செய்பவர்களுக்கு உண்டு, ஏனெனில் புதிய லக்ஸ்2 குறியாக்கத்தை, கணினியைத் தொடங்கும் நிரலான கிரப் முழுமையாகப் படிக்காது. குறியாக்கம் இல்லாவிட்டால் கிரப் எக்ஸ்ட்4-ஐயும், வட்டு இடத்தை நெகிழ்வான வால்யூம்களாகப் பங்கிடும் எல்விஎம்மையும் தானே படித்துக்கொள்ளும். யூஇஎஃப்ஐ கணினியில் ஃபேட்32 வடிவிலான இஎஃப்ஐ பார்ட்டிஷன் கட்டாயம். /பூட்டைப் பிரிப்பதென்றால் 1 ஜிபிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். 200 எம்பி போதும் என்ற பழைய கணக்கில் பிரித்தவர்களுக்கு மூன்றாவது கெர்னல் புதுப்பிப்பிலேயே இடம் தீர்ந்துவிடும், பின்னர் பழைய கெர்னல்களை நீக்கக்கூட ஏபிடி ஒத்துழைக்காது.

/ஆப்ட், /எஸ்ஆர்வி, /யூஎஸ்ஆர்/லோக்கல் ஆகியவற்றை அங்கே பெரிதாக ஏதாவது வைத்திருந்தால் மட்டும் பிரித்தால் போதும். ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்புக்கு எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்பே போதுமானது.

ஒரு சர்வருக்கான திட்டம்

போஸ்ட்கிரெஸும் ஓர் இணையச் செயலியும் ஓடப்போகிற, 500 ஜிபி வட்டு கொண்ட டெபியன் 12 சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்பவரின் 500 ஜிபி கணினியின் கணக்கில் சுமார் 465 ஜிபிதான். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு அரை ஜிபியும் /பூட்டுக்கு 1 ஜிபியும் ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதையும் எல்விஎம்முக்கு ஒரே பிசிக்கல் வால்யூமாகக் கொடுக்க வேண்டும். அதன்மேல் வால்யூம் குரூப் ஒன்று. அதற்குள் வேருக்கு 30 ஜிபி, /வார்/லாகுக்கு 10 ஜிபி, /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 120 ஜிபி, /ஹோமுக்கு 10 ஜிபி, ஸ்வாப்புக்கு 4 ஜிபி எனத் தருக்க வால்யூம்கள்.

கூட்டினால் 174 ஜிபிதான் வருகிறது. சுமார் 290 ஜிபி யாருக்கும் தரப்படாமல் கிடக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி விடுகிறோம். எது எவ்வளவு வளரும் என்பதை முதல் நாளில் எவராலும் சொல்ல முடியாது. தேவைப்படும் வால்யூமை எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளர்த்துவிடலாம், அதனோடு சிறிய ஆர் என்ற தெரிவைச் சேர்த்தால் கோப்பு முறைமையும் கூடவே வளரும். வளர்ப்பது ஒரு நிமிட வேலை. எக்ஸ்ட்4-ஐச் சுருக்குவதற்கோ அதை அன்மவுண்ட் செய்தாக வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கும் குரூப்பில் காலி இடம் வேண்டும். நிறுவும் நிரல் இருக்கும் இடம் முழுவதையும் பங்குபோட முன்வரும்போது அதை மறுப்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

/வார்/லாகுக்கு 10 ஜிபி போதுமா என்ற ஐயம் எழலாம். சிஸ்டம்டியின் ஜர்னல் தான் இருக்கும் கோப்பு முறைமையில் 10 விழுக்காட்டை, அதிகபட்சம் 4 ஜிபியை, தன் வரம்பாக இயல்பாகவே வைத்துக்கொள்கிறது. இங்கே அது 1 ஜிபி ஆகும். உரை வடிவப் பதிவுகளை லாக்ரொட்டேட் சுழற்றிக்கொள்ளும். தணிக்கைப் பதிவு கட்டாயமான இடங்களில் /வார்/லாக்/ஆடிட்டையும் தனியாக்க வேண்டும், ஏனெனில் அந்த இடம் நிரம்பினால் கணினியையே நிறுத்தும்படி தணிக்கைச் சேவையான ஆடிட்டியை அமைப்பது உண்டு. பிற சேவைகளின் பதிவுகள் அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அடைவை இடம் மாற்றுதல்

பெரும்பாலானோருக்கு வாய்ப்பது புதிய சர்வர் அல்ல. எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் கிடக்கும் பழைய சர்வர்தான். அதில் இரண்டாவது வட்டு ஒன்றைச் சேர்த்து, /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவை அதற்கு மாற்றும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1. அளவெடுத்தல். டிஎஃப் கட்டளையைச் சிறிய எச் தெரிவோடு ஒருமுறையும் ஐநோடுகளைக் காட்டும் சிறிய ஐ தெரிவோடு ஒருமுறையும் இயக்க வேண்டும். பிறகு டியூ கட்டளையை, வேறு கோப்பு முறைமைகளுக்குள் நுழையாதபடி சிறிய எக்ஸ் தெரிவோடு, /வாரில் ஓரடுக்கு ஆழத்துக்கு இயக்கினால் எது பெரியது என்று தெரிந்துவிடும். டிஎஃப் சொல்வதும் டியூ சொல்வதும் பெரிதாக வேறுபட்டால், அழிக்கப்பட்டும் ஏதோ ஒரு நிரல் திறந்தே வைத்திருக்கும் கோப்பு இருக்கலாம். எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டிக்கொடுக்கும். பல வேளைகளில் அந்த ஒரு சேவையை மறுதொடக்கம் செய்தாலே இடம் திரும்பி வந்து, பிரிக்கும் வேலையே தேவையற்றதாகிவிடும்.

படி 2. காப்புநகல். எடுத்தால் மட்டும் போதாது, வேறோர் இடத்தில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

படி 3. இடத்தைத் தயாரித்தல். புதிய வட்டைப் பிவிகிரியேட், விஜிகிரியேட், எல்விகிரியேட் என்ற வரிசையில் எல்விஎம்முக்குள் கொண்டுவந்து, காலி இடம் விட்டே வால்யூமை உருவாக்கி, எக்ஸ்ட்4 ஆகவோ எக்ஸ்எஃப்எஸ் ஆகவோ வடிவமைத்து, /எம்என்டியின் கீழ் தற்காலிகமாக மவுண்ட் செய்ய வேண்டும். வட்டின் பெயரை இருமுறை சரிபார்க்க எல்எஸ்பிஎல்கே உதவும். இந்தப் படியில் ஓர் எழுத்து பிசகினால் படி 2-க்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

படி 4. நகலெடுத்தல். இதை இரண்டு தவணையாகச் செய்வது சேவை நிற்கும் நேரத்தைக் குறைக்கும். முதலில் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்சிங்க் கொண்டு ஒருமுறை நகலெடுக்கலாம். அந்த நகல் முரணாக இருக்கும், பரவாயில்லை. அடுத்து சேவையை நிறுத்திவிட்டு, மூலத்தில் இல்லாதவற்றை இலக்கிலும் நீக்கும் டெலீட் தெரிவோடு மறுபடி இயக்கினால், மாறியவை மட்டும் விரைவாக வந்து சேரும். உரிமைகள், ஹார்ட்லிங்குகள், ஏசிஎல்கள் (கூடுதல் அனுமதிப் பட்டியல்கள்), விரிவுப் பண்புகள் யாவும் தப்ப வேண்டுமானால் சிறிய ஏ, பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் ஆகிய நான்கு தெரிவுகளும் வேண்டும். மூல அடைவின் பெயருக்குப் பின் சாய்கோடு இடுவதை மறக்கக் கூடாது. அது இருந்தால்தான் அடைவின் உள்ளடக்கமும் அதன் உரிமையாளர் விவரமும் இலக்கின் மேல்மட்டத்துக்கே வரும், இல்லாவிட்டால் இலக்குக்குள் அதே பெயரில் இன்னோர் அடைவு முளைக்கும்.

படி 5. பெயர் மாற்றம். பழைய அடைவுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் வெற்று அடைவு ஒன்றை உருவாக்க வேண்டும். அந்த வெற்று அடைவுக்கு சிஹெச்ஏடிடிஆர் கட்டளையால் மாற்ற முடியாத குறியை இட்டுவிடுவது பலர் அறியாத, ஆனால் மிகப் பயனுள்ள சிறு உபாயம். மவுண்ட் ஆவதற்கு அது தடையில்லை. ஆனால் என்றாவது வட்டு மவுண்ட் ஆகாமல் போனால், எந்த நிரலாலும் வெற்று அடைவுக்குள் கோப்புகளை எழுதி வேர்ப் பார்ட்டிஷனை நிரப்ப முடியாது.

டெபியனில் உண்மையான தரவு அடைவு இன்னும் இரண்டடுக்கு உள்ளே, 15/மெயின் என்ற பாதையில் இருப்பது இங்கே வசதி. போஸ்ட்கிரெஸ் தரவு அடைவாக மவுண்ட் புள்ளியையே நேரடியாகக் கொடுப்பது நல்லதல்ல. எக்ஸ்ட்4 அங்கே உருவாக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவைக் கண்டு, தரவு அடைவை உருவாக்கும் இனிட்டிபி கட்டளை மறுத்துவிடும்.

படி 6. எஃப்எஸ்டேப். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியைக் கொண்டு ஒரு வரி சேர்க்க வேண்டும். தெரிவுகளில் நோடெவ், நோஎஸ்யூஐடி இரண்டையும் சேர்க்கலாம். கடைசிப் புலமான சரிபார்ப்பு வரிசை எக்ஸ்ட்4-க்கு 2, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 0. பின்னர் ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் வெரிஃபை தெரிவு பிழைகளைச் சொல்லும். சிஸ்டம்சிடிஎல் கொண்டு டீமன் அமைப்புகளை மறுபடி படிக்கச் செய்து, தற்காலிக மவுண்டை நீக்கி, எல்லாவற்றையும் மவுண்ட் செய்யும் சிறிய ஏ தெரிவோடு மவுண்ட் கட்டளையை இயக்க வேண்டும்.

இந்த வரியில் நோஃபெயில் சேர்ப்பதா வேண்டாமா என்பது யோசிக்க வேண்டிய இடம். சேர்க்காவிட்டால், வட்டு காணாமல் போகும் நாளில் சிஸ்டம்டி 90 நொடிகள் காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். கன்சோல் வசதி இல்லாத தொலை சர்வர் என்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். சேர்த்தால் கணினி தொடங்கிவிடும், ஆனால் தரவு இல்லாமலே தரவுத்தளச் சேவையும் தொடங்க முயலும். தரவு வட்டுக்கு நோஃபெயில் சேர்த்து, அதோடு அந்தச் சேவையின் யூனிட் அமைப்பில் ரிக்வையர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் இந்தப் பாதையை எழுதிவிட்டால், மவுண்ட் ஆகாதவரை சேவை மட்டும் நிற்கும், எஸ்எஸ்எச் கிடைக்கும். முழு /வாரையே பிரித்திருப்பவர்கள் அதற்கு நோஃபெயில் போடக் கூடாது. /வார் இல்லாமல் அரைகுறையாகத் தொடங்கும் கணினியைவிடத் தொடங்காத கணினியே மேல்.

படி 7. எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு உள்ள கணினிகளில் ரிஸ்டோர்கான் கட்டளையை அந்தப் பாதையில் இயக்கிக் குறிச்சீட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். டெபியனின் ஆப்ஆர்மர் பாதையை வைத்தே முடிவெடுப்பதால் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

படி 8. சேவையைத் தொடங்கிச் சோதித்தபின், கணினியையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்துவிட வேண்டும். நாம் விழித்திருந்து, கன்சோலும் கையில் இருக்கும் நேரத்தில் எஃப்எஸ்டேப் பிழை வெளிப்படுவது, மூன்று மாதம் கழித்து மின்வெட்டுக்குப் பின் நள்ளிரவில் வெளிப்படுவதைவிட எவ்வளவோ நல்லது.

/வார்/லாகையோ முழு /வாரையோ மாற்றுவதென்றால், அதில் எழுதும் சேவைகள் பல என்பதால் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருக்காமல், லைவ் யூஎஸ்பியிலிருந்து தொடங்கி 4 முதல் 6 வரையிலான படிகளைச் செய்வதே பாதுகாப்பானது.

பிரிக்காமலே பிரிப்பது

வரம்பு மட்டும்தான் வேண்டும், தனி வட்டுப் பிரிவு வேண்டாம் என்றால் வேறு வழிகளும் உண்டு. எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ட்4-இலும் உள்ள பிராஜெக்ட் கோட்டா, ஒரே கோப்பு முறைமைக்குள் இருக்கும் ஓர் அடைவு இவ்வளவுக்கு மேல் வளரக் கூடாது என்று கட்டுப்படுத்தும். ஃபெடோரா டெஸ்க்டாப் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துகிறது. அதில் வேரும் /ஹோமும் தனித்தனி சப்வால்யூம்கள், ஆனால் இரண்டுக்கும் காலி இடம் பொது. மறுநிறுவலின்போது /ஹோமைக் காக்கும் பயன் அப்படியே கிடைக்கிறது. ஒன்று நிரம்பி மற்றொன்று காலியாகக் கிடக்கும் தொல்லை இல்லை. இசட்எஃப்எஸ்ஸின் டேட்டாசெட்டுகளும் இவ்வாறே, அதோடு ஒவ்வொன்றுக்கும் வரம்பையும் குறைந்தபட்ச ஒதுக்கீட்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் தரவுத்தளம் வைப்பவர்கள் அந்த அடைவுக்கு மட்டும் காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றங்களைப் புதிய இடத்தில் எழுதும் முறையை) முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். கோப்பு உருவானபின் நிறுத்தினால் பழைய கோப்புகளுக்கு அது பொருந்தாது.

பழைய அடைவை அழிப்பது

இடம் மாற்றிய வேலையில் மிச்சமிருப்பது படி 5-இல் பெயர் மாற்றி வைத்த பழைய அடைவு. ஒரு வாரம் எல்லாம் சீராக ஓடியபின், காப்புநகல் ஒன்றும் புதிய இடத்திலிருந்து எடுக்கப்பட்டபின் அதை அழிக்கலாம். பெயர் மாற்றாமல் அதன்மேலேயே புதிய வட்டை மவுண்ட் செய்துவிட்டவர்களுக்குப் பழைய கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டேயிருக்கும். டிஎஃப் வேர் நிரம்பியிருப்பதாகச் சொல்ல, டியூ எங்கும் அதைக் காணாது. அப்போது வேர்ப் பார்ட்டிஷனை மட்டும் /எம்என்டியில் பைண்ட் முறையில் மவுண்ட் செய்து பார்த்தால், மேலே ஏறி அமர்ந்திருக்கும் மவுண்ட்கள் இல்லாத வேர் தெரியும். மறைந்து கிடந்த கோப்புகளை அங்கிருந்து அழித்துவிட்டு, அந்த பைண்ட் மவுண்டையும் மறக்காமல் நீக்கிவிட வேண்டும்.